ஹாங்காங்கில் சூட் தைத்துக்கொள்வது எப்படி?

சிம் ஷா சுய் ரயில் நிலையத்திலிருந்து நேதன் சாலைக்கு ஏறி வந்தால், விசிட்டிங் கார்டை நீட்டியபடி ஆட்கள் நிற்பார்கள். "சூட் சார், 24 மணி நேரத்தில் ரெடி" என்பார்கள். மூன்று நாள் தங்கிவிட்டு விமானம் ஏறுகிறவரை மனதில் வைத்துச் சொல்லும் பேச்சு அது. வேலை நிமித்தமாக ஹாங்காங்கில் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருக்கப் போகிறவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தைத்த சூட் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் ட்ரையலில்தான் இருக்கிறது. அரைகுறையாகத் தைத்ததை உடம்பில் போட்டுப் பார்த்து, பிரித்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்க்க நாட்கள் வேண்டும். அந்த நாட்கள் சுற்றுலாப் பயணியிடம் இல்லை, உங்களிடம் இருக்கின்றன. கடை, துணி, விலை, காலம் என்று இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா முடிவுகளையும் இந்த ஒரு அனுகூலத்தை வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

அவசரத் தையலுக்கு இந்த ஊர் பெயர் பெற்றதற்குக் காரணம் உண்டு. மேற்கத்திய உடை தைப்பதில் தேர்ந்த ஷாங்காய் மாஸ்டர்கள் பலர், 1949இல் சீனாவில் ஆட்சி மாறியதை ஒட்டி ஹாங்காங்குக்கு வந்து சேர்ந்தார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பற்படையினர் சில நாள் விடுப்பில் இங்கே இறங்கினார்கள். கப்பல் கிளம்புவதற்குள் சூட் கைக்கு வர வேண்டும் என்ற தேவை வேகத்தையே விற்பனைப் பொருளாக்கியது. சிந்தி வணிகக் குடும்பங்கள் பல இந்தத் தொழிலில் இறங்கின. அப்படி ஒரு குடும்பம் 1957இல் தொடங்கிய சாம்ஸ் டெய்லர் இன்றைக்கும் உலகப் புகழோடு இருக்கிறது. இதே காலத்தில், நிதானமாகத் தைத்து உள்ளூர் வாடிக்கையாளரைத் தலைமுறை தலைமுறையாகத் தக்கவைத்த கடைகளும் வளர்ந்தன. ஆக, ஊரில் நடப்பது இரண்டு தொழில்கள். இரண்டும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே கடைக்குள்ளேயே நடக்கின்றன. எந்தத் தொழிலின் வாடிக்கையாளராக உள்ளே போகிறீர்கள் என்பதை நீங்கள் கேட்கும் கேள்விகளே முடிவு செய்யும்.

டேப்புக்குத் தெரியாதது

மார்பு 40, இடுப்பு 36, கை 24 என்று எழுதிக்கொள்ளும் எண்கள் உடம்பின் சுற்றளவையும் நீளத்தையும் சொல்லும்; அந்த உடம்பு எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லாது. ஒரே அளவுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குத் தோள் சரிந்திருக்கும், மற்றவருக்கு நிமிர்ந்திருக்கும். பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு முதுகு வளைந்து, கழுத்து முன்னே நீண்டிருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கோட்டின் முதுகுப் பக்கம் கொஞ்சம் கூடுதல் நீளமாக வெட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் காலர் பின்கழுத்தைவிட்டு விலகி நிற்கும், பின்விளிம்பு மேலேறும். நெஞ்சை நிமிர்த்தி நிற்பவருக்கு இதற்கு நேர்மாறாக, காலருக்குக் கீழே துணி குறுக்காக மடிந்து தொங்கும். அனுபவமுள்ள மாஸ்டர் இவற்றில் பாதியை அளவெடுக்கும்போதே கண்ணால் பிடித்துக் குறித்துக்கொள்வார். மீதிப் பாதி, துணி உடம்பில் ஏறிய பிறகுதான் தெரியும்.

இதற்காகத்தான் முதல் ட்ரையலில் கோட்டை முழுதாகத் தைக்காமல், பருத்தி நூலால் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டுக் கொண்டுவருவார்கள். பாக்கெட் இருக்காது, ஒரு கைகூட இல்லாமல் இருக்கலாம். பார்க்க விகாரமாகத்தான் இருக்கும், ஆனால் அதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது. மாஸ்டர் தோள் தையலைப் பிரித்து, முதுகுத் துணியை அரை அங்குலம் மேலே தூக்கி, குண்டூசி குத்தி, சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு முழுக் கோட்டையும் பிரித்துத் தட்டையாக விரித்து, காகித வடிவத்தையும் திருத்திவிட்டு மறுபடி வெட்டுவார்கள். காஜா போட்டு, லைனிங் மூடி, அயர்ன் பண்ணிய கோட்டில் இதைச் செய்ய முடியாது. முடிந்துபோன கோட்டில் கை நீளம், இடுப்புச் சுற்று, பேண்ட் நீளம் போன்றவற்றைத் திருத்தலாம். தோள் அகலமும் அக்குள் வெட்டும் அப்படியல்ல. அவற்றைத் தொட்டால் பாதிக் கோட்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். எனவே முதல் ட்ரையலுக்கு முழுதாக முடித்த கோட்டைக் கொண்டுவந்து மாட்டும் கடையில், நீங்கள் கொடுத்தது ட்ரையலுக்கான காசு அல்ல, ஆல்ட்டரேஷனுக்கான காசு.

"பத்துப் பேர் சேர்ந்து தைத்தால் ஒரே நாளில் ஏன் முடியாது?" என்று அவசரக் கடைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லண்டனின் சாவில் ரோ தையல்காரர் சங்கம் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்த வேலையை ஆள் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளலாம், இரவெல்லாம் தைக்கலாம். ஆனால் ட்ரையலைப் பங்கிட முடியாது. முதல் ட்ரையலில் கண்ட குறையைத் திருத்திய பிறகுதான் இரண்டாவது குறை கண்ணுக்கே தெரியும். தோள் சரியாக உட்காராதவரை, கை சுருங்குவது தோளாலா, கையை வைத்துத் தைத்த கோணத்தாலா என்று சொல்ல முடியாது. அடுத்த நாளே விமானம் என்கிறவருக்கு வேறு வழியில்லை, கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

தைக்கத்தான் வேண்டுமா?

ரெடிமேட் வாங்கி ஆல்ட்டர் செய்துகொண்டால் போதாதா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். சிலருக்குப் போதும். ரெடிமேட் கோட்டைப் போட்டதும் தோள் கச்சிதமாக உட்கார்ந்து, காலர் கழுத்தோடு ஒட்டி நின்றால், அதையே வாங்கிக் கை நீளத்தையும் இடுப்பையும் சரிசெய்துகொள்ளுங்கள்; தைக்கிற செலவு வீண். ஆனால் கோட்டும் பேண்டும் சேர்த்து விற்கும் ரெடிமேட் சூட்டில், மார்புக்கும் இடுப்புக்கும் பெரும்பாலும் 6 அங்குல வித்தியாசம் வைத்தே வெட்டுகிறார்கள். மார்பு 40 என்றால் பேண்ட் 34. நாற்பது வயதைத் தாண்டி, தோள் குறுகி, வயிறு கொஞ்சம் முன்னே வந்த நம்மவர் பலருக்கு இந்த வித்தியாசம் இரண்டு அங்குலம்கூட இருக்காது. வயிற்றுக்காகப் பெரிய சைஸ் எடுத்தால் தோள் தொங்கும், தோளுக்காகச் சின்ன சைஸ் எடுத்தால் பட்டனைப் போட்டதும் துணி குறுக்கும் நெடுக்குமாக இழுத்து நிற்கும். தையல்காரரிடம் போக இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

"ஊருக்குப் போகும்போது சென்னையில் பாதி விலைக்குத் தைத்துக்கொள்கிறேன்" என்பவர்களும் உண்டு. அங்கே நல்ல கட்டிங் மாஸ்டர்கள் இருக்கிறார்கள், கூலியும் குறைவுதான். ஆனால் இரண்டு வார விடுமுறையில், கல்யாண வீடு, கோயில், உறவினர் வீடு என்று ஓடுவதற்கு நடுவே எத்தனை ட்ரையலுக்குப் போக முடியும்? நேதன் சாலையில் சுற்றுலாப் பயணி மாட்டிக்கொள்ளும் அதே நெருக்கடியில் தி.நகரிலோ பாரிமுனையிலோ நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். திரும்பி வந்து போட்டுப் பார்க்கையில் தெரியும் குறையைச் சரிசெய்ய மாஸ்டரும் பக்கத்தில் இருக்க மாட்டார். ஒரு மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் சென்னைக் கணக்கு சரிப்படும். இல்லையென்றால் வசிக்கும் ஊரில் தைப்பதே மேல். நாம் கண்ட அனுகூலம் ஹாங்காங்குக்கு மட்டும் உரியதல்ல. எந்த ஊரில் வசிக்கிறீர்களோ அந்த ஊருக்கு உரியது.

துணி

ஹாங்காங்கில் ஜூலை மாதச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 29 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஜனவரியில் சராசரி 16 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அலுவலகமும் ரயிலும் ஆண்டு முழுக்க ஏ.சி.யில் குளிர்ந்து கிடக்கும். அதனால் தெருவில் பத்து நிமிடம் வேர்க்காத, அறைக்குள் எட்டு மணி நேரம் கசங்காத துணி வேண்டும். மீட்டருக்கு 250 முதல் 280 கிராம் எடையில், நன்றாக முறுக்கிய நூலில், கொஞ்சம் இடைவெளி விட்டு நெய்த கம்பளித் துணி இதற்குப் பொருந்தும். அதை விளக்கின் முன் பிடித்தால் நூலிடையே வெளிச்சம் தெரியும், கையில் கசக்கி விட்டால் மடிப்பு தானே விரியும். இந்த வெயிலில் கம்பளியா என்று தயங்க வேண்டாம். காற்றோட்டத்தைத் தீர்மானிப்பது நெசவும் எடையும்தான். அடர்த்தியாக நெய்த பாலியஸ்டர் கலவை, எடை குறைவாக இருந்தாலும், வியர்வையை உள்ளேயே தேக்கிவைக்கும்.

கடைக்காரர் துணிப் புத்தகத்தைத் திறந்து "சூப்பர் 150, சூப்பர் 180" என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போவார். அந்த எண் இழையின் நுண்மைக்கான அளவு. சர்வதேச விதிப்படி சூப்பர் 100 என்றால் இழையின் விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது, சூப்பர் 120 என்றால் 17.75, சூப்பர் 150 என்றால் 16.25. எண் கூடக்கூட விலை கூடும், தொடுவதற்குப் பட்டுப்போல இருக்கும்; கூடவே சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். வாரம் இரண்டு முறை அலுவலகத்துக்குப் போடும் சூட்டுக்கு சூப்பர் 100, 110, மிஞ்சிப்போனால் 120 போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தைக் கூடுதல் பேண்டில் போடுங்கள். எந்தச் சூட்டிலும் முதலில் தேய்வது பேண்டின் தொடையிடுக்கும் பின்பக்கமும்தான். அதே துணியில் இரண்டாவது பேண்ட் இருந்தால் சூட்டின் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கோட்டுக்கும் ஒரு பேண்டுக்கும் 150 சென்டிமீட்டர் அகலத் துணி ஏறக்குறைய 3 முதல் 3.5 மீட்டர் போகும். இரண்டாவது பேண்டை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு அதே சாயத்தில் துணி கிடைப்பது நிச்சயமில்லை.

இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு, இத்தாலியின் பியெல்லா ஆலைத் துணிகள் என்று பெயர் சொல்லி விற்கும்போது, துணி வந்ததும் வெட்டுவதற்கு முன் உங்களிடம் காட்டும்படி கேளுங்கள். ஆலையின் பெயர் பெரும்பாலும் துணியின் கரையிலேயே நெய்யப்பட்டிருக்கும். கலப்படச் சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். சுத்தக் கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

கோட்டுக்குள்ளே

விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கேன்வாஸில் இருக்கிறது. மலிவான கோட்டில் முன்பக்கத் துணிக்குப் பின்னால் பசை தடவிய உள்துணியைச் சூடாக அழுத்தி ஒட்டிவிடுவார்கள். நல்ல கோட்டில் குதிரைமுடி கலந்த கேன்வாஸை ஊசியால் தைத்துச் சேர்ப்பார்கள். நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் கேன்வாஸ் வைத்துக் கீழே ஒட்டுவது நடுத்தர வழி. ஒட்டிய கோட்டு வெப்பத்திலும் ட்ரை கிளீனிங்கிலும் பசை விட்டால் அங்கங்கே கொப்புளம்போல் உப்பும், அதைச் சரிசெய்ய வழியில்லை. கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் கோட்டின் கீழ்ப் பட்டனுக்கு அருகே, வெளித்துணியையும் உட்துணியையும் இரண்டு விரலால் தனித்தனியாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியே நழுவினால் கேன்வாஸ் இருக்கிறது. எல்லாம் ஒன்றாக விறைத்து நின்றால் ஒட்டியது. ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் போடுகிறவருக்கு ஒட்டியதே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாராவாரம் போடுகிறவர் குறைந்தது நெஞ்சு கேன்வாஸாவது கேட்க வேண்டும்.

உடம்பு ஏறி இறங்குமே, இவ்வளவு செலவு செய்து தைத்தது நாளைக்குப் பொருந்தாமல் போனால் என்ன செய்வது என்ற கவலைக்கும் தையலுக்குள்ளேயே விடை இருக்கிறது. முதுகின் நடுத்தையலிலும் பக்கத் தையல்களிலும், பேண்டின் பின்பக்கத்திலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ரெடிமேடில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. பெண்களுக்குக் கோட்டு தைப்பதென்றால் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: மார்புக்கும் இடுப்புக்கும் டார்ட் பிடித்து வெட்டுவது தனித் திறமை, அதனால் கடையில் பெண்களுக்காகத் தைத்து முடித்த கோட்டு இருந்தால் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே அளவு கொடுங்கள்.

காகிதத்தில் இருக்கட்டும்

ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது, எனவே சொன்ன விலைதான் கொடுக்கும் விலை. ஆனால் கடையில் கொடுத்த ஆர்டரை மனம் மாறி ரத்து செய்யச் சட்டம் தரும் பொதுவான அவகாசமும் கிடையாது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். ஆகவே ரசீதில் இவை எழுதப்பட்டிருக்க வேண்டும்: ஆலையின் பெயரும் துணி எண்ணும், கேன்வாஸ் எந்த வகை, எத்தனை பேண்ட், முடிக்காத நிலையில் எத்தனை ட்ரையல், முடிந்த பின் ஆல்ட்டரேஷன் இலவசமா, எந்தத் தேதி. அட்வான்ஸாகப் பாதி கேட்பது வழக்கம். மீதியைக் கடைசி ட்ரையலில் திருப்தியான பிறகே கொடுங்கள். ஒரு துணியைச் சொல்லி வேறொன்றில் தைத்துக் கொடுப்பது அங்கே வணிக விவரச் சட்டப்படி கிரிமினல் குற்றம், சுங்கத் துறையிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு 75,000 ஹாங்காங் டாலர் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும் சிறு உரிமை மன்றம் இருக்கிறது, அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியில்லை, நீங்களே பேச வேண்டும். அங்கேயும் பேசப்போவது அந்த ரசீதுதான். மூன்று மாதத்தில் ஊரைவிட்டுப் போகிறவர் இதற்கெல்லாம் அலைய முடியாது. குடியிருப்பவருக்கு இங்கேயும் காலம் கைகொடுக்கிறது.

எப்போது கொடுப்பது? சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையே வரும். அதற்கு முந்திய வாரங்களில் ஆர்டர்கள் குவியும், பிறகு தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பல கடைகளின் தையல் வேலை எல்லை தாண்டி ஷென்ஜென் பக்கம் நடப்பதால் தாமதம் இன்னும் கூடும். கோடையில், ஊரே சூட்டை மறந்திருக்கும் நேரத்தில் ஆர்டர் கொடுங்கள். ட்ரையல்களுக்கு இடையே ஒன்றிரண்டு வாரம் விட்டு, மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் இலையுதிர் காலத்துக்குக் கைக்கு வந்துவிடும். ட்ரையலுக்குப் போகும்போது, சூட்டோடு போடப்போகும் சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடி முன் விறைப்பாக நிற்காமல், வழக்கம்போல் தளர்ந்து நில்லுங்கள். உட்காருங்கள், கையை நீட்டுங்கள், போனைக் காதில் வையுங்கள். கை சுமார் அரை அங்குலம் சட்டைக் கஃப் தெரியும்படி நிற்கிறதா, காலர் கழுத்தைவிட்டு எழும்புகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் குறைகளில் பாதி முதுகில்தான் இருக்கும். "ட்ரை கிளீன் பண்ணினால் சரியாகிவிடும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

வாங்கிய பிறகு ஹாங்காங்கில் சூட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுவரே வியர்க்கும். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா வையுங்கள், அகலமான மர ஹேங்கரில் தொங்கவிடுங்கள், ட்ரை கிளீன் கடையின் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். வேறு நாட்டுக்கு மாற்றலானாலும் உறவு முறிய வேண்டியதில்லை. உங்கள் காகித வடிவம் கடையில் இருக்கும், ஹாங்காங் தையல்காரர்கள் பலர் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா நகரங்களுக்குக் குறிப்பிட்ட காலங்களில் வந்து ஹோட்டல் அறையில் ஆர்டர் எடுக்கிறார்கள்.

முதல் முறையே மூன்று சூட்டுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்பார்கள், வேண்டாம். கருநீலத்திலோ அடர்சாம்பலிலோ கோடு கட்டம் இல்லாத ஒரே ஒரு சூட், இரண்டு பேண்ட் என்று சொல்லுங்கள். ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் அதைப் போட்டு, குறைகளைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு அதே மாஸ்டரிடம் போங்கள். உங்களுக்குச் சரியாக அமையப்போவது அப்போது தைக்கும் இரண்டாவது சூட்தான்.